கரையோர மணலும் சென்னைத் துறைமுகமும்

கடல்கோள் என்னும் சொல் தமிழர்க்கு மிகப் பழகிய சொல். கபாடபுரத்தைக் கடல் கொண்டது, காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று இளமை தொட்டே கேட்டு வளர்ந்தவர் நாம். அதனாற் கடல் நிலத்தைக் கவருமிடத்தெல்லாம் அஃதொரு பேரூழியின் செயல், ஓரிரவில் நிகழ்ந்து முடிவது, மனிதர் கைக்கு அப்பாற்பட்டது என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அவ்வெண்ணத்தை மேலும் வலியுறுத்திற்று. ஆயினும், கரைகளின் வரலாற்றைப் பொறுமையோடு ஆராய்வோர் காண்பது பெரும்பாலும் வேறொன்று. கடல் நிலத்தைக் கொள்வது பல இடங்களில் ஆண்டுக்குச் சில அடி என்ற அளவில், ஓசையின்றி, கொடுக்கல் வாங்கற் கணக்குத் தவறிய வணிகனின் முதல் கரைவதுபோல நிகழ்கின்றது. அக்கணக்கைத் தவறச் செய்தவர் யாவர், எந்த ஆண்டில் என்று ஆவணங்கொண்டு சுட்டக்கூடிய இடங்களும் உள. அவற்றுள் தலையாயது சென்னைப் பட்டினம்.

நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் தேசப்படத்திற் கரையானது ஒரு கருங்கோடாக வரையப்பட்டிருக்கின்றது. நிலம் இங்கே முடிந்தது, கடல் இங்கே தொடங்கிற்று என்பதே அக்கோட்டின் பொருள். மாணவன் அதனைப் பிழையின்றி வரைந்தால் அவனுக்குப் புள்ளி வழங்குகின்றோம். யானும் பல்லாண்டுகளாக அவ்வாறே வழங்கி வந்துள்ளேன். ஆனால், மணற்கரையிற் காலையில் நின்று அலையொன்று செய்வதை ஒரு நாழிகை நேரம் உற்று நோக்குபவன் அக்கோட்டை நம்பமாட்டான்.

அலை கரைக்கு நேர்முகமாக வருவது அரிது. காற்றும் நீள்கடல் அலைவும் எத்திசையிலிருந்து வருகின்றனவோ அத்திசைக்கு ஏற்ப அது கரையைச் சாய்வாகத் தாக்கும். உடைந்த அலையின் நீர் மணலை அள்ளிக்கொண்டு கரைச்சரிவிற் சாய்வாக ஏறும். ஏறிய வேகம் தணிந்தபின் நீர் பூமியின் ஈர்ப்புக்கு அடங்கிச் சரிவின் வழியே நேராகக் கீழிறங்கும். ஏறியது ஒரு வழி, இறங்கியது ஒரு வழி. ஆகவே ஒரு மணற்பொடி அலையொன்றுக்கு ஓரடியோ இரண்டடியோ பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அடுத்த அலை அதனை மீண்டும் தூக்கும். வாள்பற்களின் வடிவில் ஏறியும் இறங்கியும் அப்பொடி கரையோரமாகப் பயணம் செய்கின்றது. அலை உடையும் பகுதியிலும் இவ்வாறே நீரோட்டமொன்று கரைக்கு இணையாக எழுந்து, கலங்கிய மணலை ஒரே திசையிற் கொண்டு செல்லும். கண்ணுக்கு அசையாது கிடப்பதாகத் தோன்றும் கடற்கரை, உண்மையில் நீளவாக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மணலாறு. இதனைப் புவியியலார் கரையோர நகர்வு என்பர்.

மணலுக்குக் குறுக்குவாட்டிலும் ஓர் இயக்கம் உண்டு. கொந்தளிப்புக் காலத்துக் குத்தலைகள் கரையின் முகத்தைச் சுரண்டி, எடுத்த மணலைக் கரைக்கு அப்பால் நீரடியில் ஒரு திட்டாகக் குவிக்கும். பிற்பாடு வரும் அலைகள் அத்திட்டின்மேல் உடைந்து வலியிழப்பதால், கரை மேலும் கரையாது தப்புகின்றது. காற்றடங்கிய மாதங்களில் மெல்லலைகள் அதே மணலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். அவ்வாறு சேர்ந்த மணலிற் காய்ந்த பொடியைக் காற்று எடுத்துச் சென்று உள்ளே மேடாக்கும். இராவணன் மீசை எனப்படும் முட்புல்லும் அடம்பன் கொடியும் அம்மேட்டைப் பிடித்து வைக்கும். வடமராட்சிக் கிழக்கில் மணற்காட்டுப் பக்கம் சென்றவர்கள் மணலிற் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் இடிபாட்டைக் கண்டிருப்பர். அங்குள்ள மேடுகள் வெறுந்தரை போலத் தோன்றினும், பெரும்புயல் வரும் ஆண்டிற் கரை எடுத்துச் செலவிடுவதற்காகச் சேமித்து வைத்த பண்டகசாலை அவையே. வீடு கட்டுவதற்கென அவற்றை உழவு இயந்திரங்களில் ஏற்றிச் செல்வோர் பண்டகசாலையின் சுவரைப் பிரித்து எடுத்துச் செல்கின்றனர்.

இனி, இம்மணல் எங்கிருந்து வருகின்றது, எங்கே போய்ச் சேர்கின்றது என்ற வினா எழும். பெரும்பகுதியை ஆறுகள் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்து முகத்துவாரத்திற் கொட்டுகின்றன. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற இடங்களில் முருகைக்கல்லும் சிப்பியும் உடைந்து மணலாகின்றன. கீழ்க்கரை வழியே நகர்ந்துவரும் மணலும் வந்து சேர்கின்றது. செல்லும் இடங்களோ பல. களப்புகளின் வாயில் அடைபடுவது சிறிது. மேடாக உள்நாட்டில் நிற்பது சிறிது. கடலடிப் பள்ளத்தாக்கில் வீழ்ந்து மீளாது போவதும் உண்டு. திருக்கோணமலைக்கு அண்மையிற் கரைக்கு நெருங்கி வரும் ஆழ்ந்த கடற்பள்ளத்தாக்கு இத்தகையது. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை கரை தன் இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். வரவை ஓரிடத்தில் மறித்தால், மறித்த இடத்தில் அன்றி அதற்கு அடுத்த ஊரிலேயே இழப்பு வெளிப்படும். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டு சென்னையின் கதையைப் பார்ப்போம்.

1639 ஆம் ஆண்டிற் பிரான்சிசு டே என்பவர் கிழக்கிந்தியக் கும்பனிக்காகச் சென்னையின் மணற்கரையைப் பெற்றபோது, அங்கே துறைமுகமென்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. குடாவோ தீவோ முனையோ இல்லாத நேர்க்கரை அது. வங்காளக் கடலின் அலைகள் தடையின்றி வந்து அடுக்கடுக்காக உடையும். கப்பல்கள் தொலைவிலே நங்கூரமிட்டு நிற்க, மக்களும் சரக்கும் மசூலாப் படகுகளில் இறங்கவேண்டும். ஆணி அறையாது பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்ட அப்படகு, அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். கட்டுமரக்காரர் அருகே மிதந்து செல்வர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தென்னிந்தியாவின் தலைநகர வாணிகம் முழுவதும் இக்கடலோடிகளின் தோளிலும் துடுப்பிலும் நடந்தது. ஆளுநரும் படைத்தலைவரும் நீதிபதிகளும் நனைந்த உடையோடுதான் சென்னையில் முதலடி வைத்தனர் என்பதை அக்காலக் குறிப்புகளிற் படிக்கும்போது, புன்முறுவல் கொள்ளாதிருத்தல் அரிது.

1861 ஆம் ஆண்டில் இக்குறையை நீக்கத் திருகுமுனை இரும்புத் தூண்களின்மேல் ஓர் இறங்குபாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. அலை தணியாத நாளில் அதனருகே கப்பல் அணையமுடியவில்லை. புயல்களும் அதனைச் சேதப்படுத்தின. அதனால் அதனைத் தோல்வியென்று எழுதி முடித்தோர் உளர். கரையின் பார்வையில் நோக்கினால் அப்பாலம் ஒரு தீங்கும் செய்யவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தூண்களின் இடையே அலை சென்றது. அலையோடு மணலும் சென்றது.

பதினான்கு ஆண்டுகளின் பின் வந்தது அவ்வாறு இடைவெளி விடவில்லை. 1875 ஆம் ஆண்டு திசெம்பரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகை தந்த வேல்சு இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரானவர், அம்மாதம் 8 ஆம் நாளிற் கொழும்பிலே தென்மேல் அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல் நாட்டினார். அதே மாதத்திற் சென்னைத் துறைமுகத்துக்கும் கல் நாட்டினார். ஒரே கை, ஒரே மாதம், இரண்டு துறைமுகங்கள். அவை தத்தம் கரைக்குச் செய்தவை ஒன்றாயிருக்கவில்லை. அந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருவோம்.

சென்னைத் துறைமுகத்தை வகுத்தவர் வில்லியம் பாக்சு என்னும் பொறியியலாளர். கராச்சியில் அலைதடுப்பு அமைத்தவரும் அவரே. இரும்புப் பாலத்துக்கு வடக்கிலும் தெற்கிலுமாக, ஏறத்தாழ 1,000 யார் இடைவெளியில், இரண்டு பெருஞ்சுவர்கள் கரையிலிருந்து ஏறத்தாழ 1,200 யார் தொலைவுக்குக் கடலுள் நீண்டு, நுனியில் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, கிழக்கே ஒரு வாயிலை விட்டு நிற்கும் என்பது அவரது திட்டம். கொங்கிரீற்றுப் பெருங்கட்டிகள் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டு அடுக்கப்பட்டன. வேலை முற்றுப்பெறும் தறுவாயில், 1881 ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் சுவர்களின் நெடும்பகுதியைச் சரித்து, மேலடுக்குக் கட்டிகளைப் புரட்டியெறிந்தது. அவ்வழிவைப்பற்றி அந்நாளில் எழுந்த விவாதம் மிகப் பெரிது. சுவரை எவ்வாறு வலிதாக்குவது, வாயிலை எத்திசையில் வைப்பது என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினர். ஈற்றிற் பழுதுபார்த்துப் பணியை நிறைவேற்றியபோது நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு ஆகிவிட்டது.

புயல் செய்த வேலையை எல்லோரும் கண்டனர். அதே காலத்தில் மெல்லலை செய்துகொண்டிருந்த வேலையோ மெதுவானது. சென்னைக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில், சிறப்பாகத் தென்மேற் பருவக்காற்றுக் காலத்தில், அலைகள் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகின்றன. இலங்கைக்கு அப்பாலுள்ள பெருங்கடலின் அலைவு அவற்றுக்கு வலியூட்டுகின்றது. அக்காலத்தில் மணல் வடக்கு நோக்கி நடக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அஃது திரும்பித் தெற்கே நடக்கும். ஆயினும் அக்காலம் குறுகியது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஆண்டு முடிவில் வடக்கு நோக்கிய நடையே மிஞ்சுகின்றது. அம்மிச்சத்தின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் என்று துறைமுகப் பொறியியலாளர் மதிப்பிட்டனர். இவ்வாற்றின் குறுக்கே 1,200 யார் நீளத்துக்கு ஒரு கல்லணை கட்டினால் என்ன நேரும் என்பதற்கு நீண்ட கணிதம் வேண்டியதில்லை. தென்சுவரின் அடியிற் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மணல் தங்கத் தொடங்கிற்று. ஆண்டுதோறும் கரைக்கோடு கிழக்கே முன்னேறியது. முற்காலத்திற் கடல் நெருங்கி நின்ற புனித சோர்ச்சுக் கோட்டையின் கீழ்மதில் நீரைவிட்டு விலகிக்கொண்டே சென்றது.

1884 ஆம் ஆண்டில் ஆளுநர் கிராண்டு டப்பு அக்கரையோரமாக உலாவீதியொன்று அமைத்து, சிசிலித் தீவின் நினைவால் அதற்கு மெரீனா என்று பெயரிட்டார். இன்று உலகின் நீண்ட நகர்க் கடற்கரைகளுள் ஒன்றென்று அதனைப் புகழ்கின்றோம். அதன் அகலம் பல இடங்களில் முந்நூறு மீற்றரைத் தாண்டும். அவ்வகலத்திற் பெரும்பங்கு இயற்கை தானாக ஈந்ததன்று. தென்சுவர் மறித்துச் சேர்த்தது. 1857 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாய் விளங்கிய நம் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் மாலையில் உலாவப் போயிருந்தால், அவர் கண்டிருக்கக்கூடிய கரை வேறு. நம்மவர் இன்று போய் நின்று படம்பிடித்துக்கொள்ளும் மணலில் அன்று அலை உடைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842 ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட பனிக்கட்டி மாளிகையும் இதற்குச் சான்று. படகிலிருந்து இறக்கும் சரக்கு வெயிலில் உருகாதிருக்கவேண்டும் என்பதற்காகக் கரையோரத்திற் கட்டிய கட்டடம் அது. 1897 ஆம் ஆண்டு சனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வந்து இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தர், இங்கிருந்து சென்று அடுத்த மாதம் சென்னையிலே தங்கியது அம்மாளிகையில்தான். இப்பொழுது அதன் வாயிலில் நிற்பவர் கடலைக் காண்பதற்குப் பல நூறு மீற்றர் மணலைக் கடந்து நோக்கவேண்டும்.

தென்பக்கத்து மணல் சுவரின் நுனியை அணுகியபோது, கவலை துறைமுகத்துக்கே உண்டாயிற்று. நுனியைச் சுற்றி வரும் மணல் கிழக்கு வாயிலை ஆழங்குறையச் செய்யும். அவ்வாயிலின் வழியே அலைவும் உள்ளே நுழைந்து கப்பல்களை ஆட்டிற்று. 1904 ஆம் ஆண்டிற் சென்னைத் துறைமுகப் பொறுப்பாட்சியின் தலைமையை ஏற்ற சேர் பிரான்சிசு இசுபிரிங்கு என்பவர் பொறியியலாளர். கரையை அளந்தறிவதில் ஈடுபாடுடையவர். அவருடைய காலத்திற் கிழக்கு வாயில் மூடப்பட்டு, வடகிழக்கு மூலையில் ஒரு காப்புச் சுவரின் மறைவிலே புதுவாயில் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தை அண்டிய மணலின் பயணத்தைப்பற்றி இலண்டனிலுள்ள குடிசார் பொறியியலாளர் கழகத்துக்கு அவர் ஓர் ஆய்வுரை எழுதியதும், முதல் உலகப் போர் தொடங்குவதற்கு முன்னரே. அவருடைய அலுவலகத்தில் 1912 ஆம் ஆண்டு மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கணக்கேடுகளின் ஓரத்தில் வேறு கணக்குகள் போட்டுக்கொண்டிருந்தார். அவரே சீனிவாச இராமானுசன். அவரைக் கேம்பிறிச்சுக்கு அனுப்புவதற்கு இசுபிரிங்கு துணைநின்றார் என்பது உலகறிந்தது. கணித மேதையை இனங்கண்டவர் என்ற புகழில், மணலின் கணக்கை எழுதியவர் என்ற புகழ் மறைந்துபோயிற்று, அதில் வியப்பில்லை.

இதுகாறும் கூறியவை சுவருக்குத் தெற்கே நிகழ்ந்தவை. வடக்கே சென்று பார்த்தாலன்றி இவ்வரலாறு முழுமை பெறாது. சுவருக்கு வடபால் இருப்பது இராயபுரம். 1856 ஆம் ஆண்டிலே தென்னிந்தியாவின் முதற் புகையிரத நிலையம் திறக்கப்பட்ட ஊர் அது. அதற்கப்பால் காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கரை நெடுகிலும் மீனவர் குப்பங்கள். பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கரையருகில் உள்ளமையைச் சைவ மக்களுக்கு நினைவூட்டவேண்டியதில்லை. இக்கரையில் அலை முன்போலவே உடைந்து, முன்போலவே மணலை வடக்கே எடுத்துச் சென்றது. தெற்கிலிருந்து வரவேண்டிய மணலோ மெரீனாவிலே தங்கிவிட்டது. செலவு மாறவில்லை, வரவு நின்றது. கரை உள்வாங்கத் தொடங்கிற்று. நூறாண்டுக்குள் வடசென்னை பல நூறு மீற்றர் அகலமான நிலத்தை இழந்தது. வலை உலர்த்திய மணல் போயிற்று. பின் படகு ஏற்றும் இடம் போயிற்று. பின் குடிசைகளும் கோயில்களும் தெருக்களும் போயின.

அரசினர் கருங்கற்களைக் கொட்டிக் கடற்சுவர் எழுப்பினர். கற்சுவர் தன் பின்னாலுள்ள வீதியைக் காக்கும். மணலை அது பிறப்பிக்கமாட்டாது. அதன்மேல் மோதித் திரும்பும் அலை சுவரின் காலடி மணலைத் தோண்டுவதால், எஞ்சிய சிறு கடற்கரையும் மறைந்து, கற்களும் காலப்போக்கில் உட்சரியும். மேலும் கற்கள் கொட்டவேண்டும். சுவர் முடியும் இடத்துக்கு வடக்கேயுள்ள ஊரில் அரிப்பு புதிதாகத் தொடங்கும். அங்கும் கற்கள் கொட்டவேண்டும். இவ்வாறு அரிப்பு படிப்படியாக வடக்கே ஏறியது. 2001 ஆம் ஆண்டில் எண்ணூரிலே புதிய துறைமுகமொன்று திறக்கப்பட்டது. அதன் பின்னர்க் காட்டுப்பள்ளியிலே இன்னொன்று. பழவேற்காட்டு ஏரியை அண்டிய மீனவர்கள் அவற்றின் விரிவாக்கத்தை எதிர்த்து நிற்பதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, இராயபுரத்தின் நூறாண்டுக் கதையை அறிந்தாற் போதும்.

இங்கே நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. மெரீனாவின் மணலும் இராயபுரத்தின் இழப்பும் இரண்டு செய்திகளல்ல. ஒன்றின் அகலம் மற்றதன் குறுக்கமே. தெற்கே மணலைப் பெற்றது உலாவப் போகும் நகரம். பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் ஆளுந்தலைவர்களின் சிலைகளும் நினைவிடங்களும் அம்மணலை நோக்கி நிற்கின்றன. வடக்கே இழந்தவர்கள், மசூலாப் படகிலே நகரத்தையே கரையேற்றிய மக்களின் வழித்தோன்றல்கள். துறைமுகம் வந்ததும் அவர்களுடைய படகுத்தொழில் முதலிலே போயிற்று. அதன்பின் அவர்களுடைய கரை போயிற்று. சென்னையைப்பற்றி எழுதப்பட்ட வரலாறுகளில் மெரீனாவின் அழகுக்குத் தனி அதிகாரம் உண்டு. வடகரைக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைத்தாலே பெரிது.

இது அறியாமையால் விளைந்தது என்று கூறி ஒதுக்கவும் இயலாது. 1876 ஆம் ஆண்டிற்கு அறியாமை ஒருவேளை பொருந்தும். 1914 ஆம் ஆண்டின் பின் அது பொருந்தாது. மணலின் திசையும் அளவும் அச்சேறியிருந்தன. தீர்வின் வழியும் அதே கடலிற் காட்டப்பட்டது. 1933 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தில், வாயிலுக்குத் தெற்கே இரண்டு பழைய கப்பல்களை ஆழ்த்தி அலைதடுப்பாக்கி, அதன் மறைவில் மணல் தங்குவதற்கு இடம் வகுத்தனர். தங்கிய மணலைத் தோண்டுகப்பல் எடுத்து, வாயிலுக்கு வடக்கேயுள்ள கரையில் மீண்டும் சேர்த்தது. ஆற்றை மறித்தவன் மறுகரைக்கு நீரை இறைத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. இவ்வேலைக்கு ஒரு நாளும் ஓய்வில்லை. துறைமுகம் உள்ளளவும் செலவு உண்டு. திட்டம் வகுப்போர் இச்செலவை முதலிலேயே கணக்கிற் சேர்ப்பதில்லை என்பதே பின்வரும் துன்பங்களுக்கெல்லாம் வித்து.

கொழும்புக்குத் திரும்புவோம். சேர் யோன் கூட்டு வகுத்த தென்மேல் அலைதடுப்புச் சுவர் 1885 ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்கு வடக்கே இராயபுரத்தின் கதை அதே உருவில் நிகழவில்லை. கொழும்புக் கோட்டை ஒரு பாறைமுனையின்மேல் அமைந்தது; தெற்கேயுள்ள கரையும் இடையிடையே பாறைமுனைகளால் தடைப்பட்டது. சென்னையிற்போல நெடுந்தூரம் தடையின்றி ஓடிவரும் மணலாறு அங்கில்லை. அதனினும் முக்கியமானது, களனி கங்கையின் முகத்துவாரம் துறைமுகத்துக்கு வடக்கே இருப்பது. வடகரைக்கு வேண்டிய மணலைக் கங்கையே துறைமுகத்தைத் தாண்டிய இடத்திற் கொண்டுவந்து ஊட்டிற்று. பின்னாளிற் கட்டட வேலைக்காகக் களனியின் படுக்கையிலே மணல் பெருமளவில் அள்ளப்பட்டபோது, நீர்கொழும்பு நோக்கிய கரை மெலியத் தொடங்கிற்று. வரவைச் சுவரால் மறித்தாலும் ஒன்று, வாளியால் அள்ளினாலும் ஒன்று. கரை இரண்டையும் வேறுபடுத்தி அறிவதில்லை.

சென்னையிலிருந்து தெற்கே புதுச்சேரிக்கு வந்தால் அதே பாடம் மறுபடி எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். 1980 களின் பிற்பகுதியில் அங்கே ஒரு சிறு துறைமுகத்துக்கென இரண்டு அலைதடுப்புகள் அமைக்கப்பட்டன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே, நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்கரை முற்றாக மறைந்து கருங்கற் குவியலாயிற்று. மணலை மறுபக்கம் அனுப்பும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும், அஃது ஒழுங்காக நடைபெறவில்லை. 2018 ஆம் ஆண்டளவில் நீரடியில் உருக்காலான செயற்கைத் திட்டொன்றை ஆழ்த்திய பின்னரே, ஒரு பகுதிக் கரைக்கு மணல் மீண்டது. ஒரு தலைமுறைக் காலம் அந்நகரின் குழந்தைகள் கடற்கரையின்றி வளர்ந்தனர்.

நம் நாட்டின் கீழ்க்கரை, அலையின் போக்கிலும் மணலின் போக்கிலும் சோழமண்டலக் கரைக்குத் தங்கை. அங்கும் ஆண்டுக் கணக்கின் மிச்சம் வடக்கு நோக்கியே செல்கின்றது. இலங்கையிற் கரையோரப் பேணலுக்கெனத் தனிச்சட்டம் 1981 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதனை நடைமுறைப்படுத்தத் தனித் திணைக்களமும் உண்டு. சென்னையின் அனுபவம் நூல்களில் இருந்தது, புதுச்சேரியின் அனுபவம் கண்முன் இருந்தது. இவ்வளவும் இருக்க, அம்பாறை மாவட்டத்து ஒலுவிலிலே டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு 2008 ஆம் ஆண்டிலே துறைமுக வேலை தொடங்கி, 2013 ஆம் ஆண்டு செப்தெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. தெற்கே மணல் குவிந்தது. குவிந்த மணல் சுவரின் நுனியைச் சுற்றி வந்து வாயிலை அடைத்தது. வணிகக் கப்பல்கள் வரவில்லை, மீன்பிடிப் படகுகளும் உட்செல்ல முடியாது தவித்தன. வடக்கே ஒலுவிற் கரையும் அதனையடுத்து நிந்தவூர்ப் பக்கமும் அரிக்கப்பட்டன. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வயல்நிலத்துள் உவர்நீர் புகுந்தது. கரைவலை இழுப்போர் வலையை ஏற்றுவதற்கு நிலமின்றி நின்றனர். 

வாயிலைத் தோண்டுமாறு மீனவர் கேட்டனர். தோண்டும் மணலை வடகரையிலே போடுமாறு வடகரையார் கேட்டனர். இவ்விரு வேண்டுகோளும் ஒன்றுக்கொன்று முரணானவை எனச் சில கூட்டங்களிற் பேசப்பட்டதாகச் செய்தித்தாள்களிற் படித்தபோது, விசாகப்பட்டினத்தார் 1933 ஆம் ஆண்டு தொடக்கம் செய்துவந்தது இவ்விரண்டையும் சேர்த்துத்தானே என்று எண்ணினேன். வடகரையிற் கற்கள் கொட்டப்பட்டன. கற்கள் முடிந்த இடத்துக்கு அப்பால், கடல் அடுத்த தென்னையின் வேரைத் தொட்டது.